விழுந்தவர்களைத் தூக்கிவிடும் பேரவை

விழுந்த கலைஞர்களைத் தூக்கிவிடுவதற்கென்றே அந்த நகரத்தில் ஒரு பேரவை இருந்தது. அதனால் ஆண்டுக்கு ஒருவராவது விழுந்தே தீர வேண்டியிருந்தது.

பேரவைக்கு மூன்று மாடிக் கட்டடம். லிஃப்ட் தலைவருக்கு மட்டும். தூக்கிவிடச் சொல்லி வருகிறவர்கள் படியேறித்தான் வர வேண்டும். மூன்றாம் மாடியின் நீண்ட நடைவழியில் இருபத்துமூன்று புகைப்படங்கள் வரிசையாகத் தொங்கின. எல்லாவற்றிலும் ஒரே காட்சிதான். கீழே ஒரு கலைஞர் கிடப்பார், மேலே தலைவர் குனிந்து கை நீட்டிக்கொண்டிருப்பார். கீழே கிடந்தவர்கள் மாறினார்கள், தலைவரின் கோட்டு மாறவில்லை. அவருடைய தலைமுடி மட்டும் ஆண்டுக்கு ஆண்டு கறுத்துக்கொண்டே வந்தது.

அந்தப் படங்களுக்குக் கீழே, மனுவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த நடிகைக்கு வயது முப்பத்தொன்று. இருபது வயதில் அவளுக்கு நடிப்பும் வந்தது, பாட்டும் வந்தது, அவற்றின் பின்னாலேயே குடியும் வந்து சேர்ந்தது. இருபத்துமூன்றாவது வயதில், இதே பேரவையின் ஆண்டு விழாவில், பாட்டின் மூன்றாவது அடியில் கால் பின்னி விழுந்தாள். பிடிமானத்துக்குத் திரையைப் பிடித்தாள். திரை மொத்தமும் கழன்று வந்து, ஓரத்து நாற்காலியில் இருந்த சிறப்பு விருந்தினரை மூடிக்கொண்டது. அதோடு விட்டாளா? கையிலிருந்த மைக்கில், "இந்த ஆளுக்கு யாருய்யா முக்காடு போட்டு உட்கார வச்சது?" என்று தரையில் கிடந்தபடியே கேட்டாள். அன்று அரங்கமே சிரித்தது. மறுநாள் ஊரே காறித் துப்பியது. பத்திரிகைகள் அவளுக்குத் 'தள்ளாட்டத் தாரகை' என்று பெயர் சூட்டி மகிழ்ந்தன.

அவள் எதையும் மறுக்கவில்லை. குடித்ததும் அவள்தான், விழுந்ததும் அவள்தான். அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் வீட்டுத் தரையிலும் விழுந்துகொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் நிறுத்தினாள். அக்கா ஆஸ்பத்திரி வார்டில் ஆயா. அங்கேயே சலவைப் பிரிவில் தங்கைக்கும் ஒரு வேலை வாங்கிக் கொடுத்தாள். போர்வைகள் சுழலும் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே பாடிப் பாடி நடிகையின் நெஞ்சுக்குப் பலம் வந்தது. அப்புறம் படங்களில் கூட்டமாக அழும் குரல்களுக்கு நடுவே ஒரு குரல், குழந்தைகளுக்கான பல் தேய்க்கும் பாட்டு, ஒரு பேய்ப் படத்தில் பேயின் தங்கை. ஆறு வருஷமும் நாலு மாதமும் ஒரு சொட்டுத் தொடவில்லை.

அழும் குரல்களுக்கு நடுவே அவளுடைய குரலை அடையாளம் கண்டவர் ஒரு நாடகக்காரர். பதினோரு பாட்டுள்ள இசை நாடகத்தில் அவளைக் கதாநாயகியாகக் கேட்டார். ஒரே ஒரு தடங்கல். ஊரில் உள்ள எல்லா மேடைகளும், பள்ளிக்கூட மேடை உட்பட, பேரவையின் கட்டுப்பாட்டில் இருந்தன. ஒருமுறை விழுந்தவர் மறுபடி ஏற வேண்டுமென்றால் 'மறுவரவு அட்டை' வேண்டும்.

"மூணு வாரத்துல ஒத்திகை. கார்டோட வந்துடுங்க" என்றார் நாடகக்காரர். "ஒரு படிவம், ரெண்டு கையெழுத்து. அவ்வளவுதான் இருக்கும்."

நல்ல மனுஷர். அவர் அதுவரை விழுந்ததில்லை.

கவுண்டரில் இருந்த எழுத்தர் படிவத்தை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். விழுந்த தேதி, விழுந்த நேரம், விழுந்த பக்கம் இடதா வலதா, விழுந்தபோது பேசிய வார்த்தைகள், எல்லாம் சரியாக இருந்தன. கடைசிக் கேள்வியில் விரல் நின்றது.

"'தற்போது எழுந்துவிட்டீரா'ன்னு கேட்டிருக்கு. நீங்க 'ஆம்'னு போட்டிருக்கீங்க."

"ஆமா சார். எந்திரிச்சுட்டேன்."

"யார் தூக்கிவிட்டாங்க?"

"அக்காதான் சார். அப்புறம் நானே."

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? பேரவைக்குத் தெரியாம எந்திரிச்சிருக்கீங்க. விழுந்தவங்களைத் தலைவர் தூக்கிவிடணும்னு விதி. நீங்களா எந்திரிச்சுட்டா அவர் எதைத் தூக்குவார்?"

அவள் ஒன்றும் புரியாமல் விழித்தாள். டாக்டர் கொடுத்திருந்த சான்றிதழை எடுத்து நீட்டினாள். ஆறு வருஷமாக மதுவைத் தொடவில்லை, ஈரல் நல்ல நிலையில் இருக்கிறது, குரல்வளை சுத்தமாக இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது.

"இது நீங்க நல்லா இருக்கீங்கன்னு சொல்லுது" என்று எழுத்தர் அதைத் திருப்பித் தள்ளினார். "நல்லா இருக்கிறவங்களுக்கு இங்க என்னம்மா வேலை?"

யோசித்து அவரே ஒரு வழியும் சொன்னார். ஆண்டு விழா அடுத்த மாதத் தொடக்கத்தில் வருகிறது. அதே பாட்டைப் பாடி, அதே மூன்றாவது அடியில், அதே பக்கமாக மறுபடி விழுந்தால், தலைவர் முறைப்படி தூக்கிவிடுவார். படம் எடுப்பார்கள். இருபத்துநான்காவது ஆணிகூட அடித்தாயிற்று. மேடையிலேயே அட்டையைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

"திரையை மட்டும் இழுக்காதீங்க. புதுத் திரை" என்றார்.

அடுத்த வாரம் அவளைக் குழுவின் முன் உட்கார வைத்தார்கள். நீண்ட மேஜையின் நடுவில் தலைவர். அவருக்கு வலப்பக்கம் செயலாளர், இடப்பக்கம் தலைவர் பேசும்போது தலையாட்டுவதற்கென்று ஒருவர். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். ஒரு ஆள் முன்னால் இருந்தாலும் எழுந்து நின்று பேசுவதுதான் அவர் வழக்கம்.

"கலைஞன் விழுவான் அம்மா. அது அவன் சுபாவம். தூக்குறது என் சுபாவம். இருபத்துமூணு வருஷமா நான் குனிஞ்சு குனிஞ்சு என் முதுகே போச்சு. ஆனா ஒரு நாளாவது முகம் சுளிச்சிருக்கேனா? படங்களைப் பாருங்க, ஒண்ணுலயாவது முகம் சுளிச்சிருக்கேனா? சுளிச்ச படத்தையெல்லாம் எடுத்துட்டோம். சில பேர் கேக்குறாங்க, விழாமலேயே இருக்க ஒரு வழி பண்ணக்கூடாதான்னு. பண்ணலாம். பண்ணிட்டா இந்தக் கட்டடத்தை என்ன பண்றது? நாற்பது பேர் வேலை பாக்குறாங்க இங்க. அவங்க குடும்பத்தை நினைச்சுப் பாக்க வேண்டாமா? நீங்க விழலைன்னா நாற்பது குடும்பம் விழும்!"

தலையாட்டுகிறவர் தலையாட்டினார். செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் தூக்கிவிட்ட இருபத்துமூணு பேர்ல ஒருத்தர்கூட அப்புறம் மேடையில விழுந்ததில்லை" என்று தலைவர் முடித்தார்.

நடிகைக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை. "அவங்கள்லாம் இப்ப எங்க சார் நடிக்கிறாங்க?"

"விழலைன்னுதானே சொன்னேன். நடிக்கிறாங்கன்னு சொன்னேனா?" என்றார் தலைவர், கொஞ்சம் எரிச்சலாக.

வெளியே வந்தவளுக்கு வாசல்காரர் தண்ணீர் கொடுத்தார். காக்கிச் சட்டை, நரைத்த மீசை, ஆனால் டம்ளரை நீட்டிய கையில் ஒரு பழைய கம்பீரம். எங்கேயோ பார்த்த கை. அவள் தலையைத் தூக்கிப் படங்களைப் பார்த்தாள். பதினேழாவது படத்தில் அந்தக் கை தலைவரை நோக்கி நீண்டிருந்தது. ஒரு காலத்தில் அந்தக் கையை அசைத்தால் தியேட்டரில் விசில் பறக்கும்.

"நீங்களா?" என்றாள்.

"நான்தான்" என்றார் அந்த முன்னாள் கதாநாயகன். "டைப் அடிக்கிற அம்மா பதினொண்ணாவது படம். என்னமா ஆடுவாங்க தெரியுமா? தோட்டத்துல குழாய் பிடிச்சுட்டு நிக்கிறாரே, அவர் நாலாவது. காமெடியன். இப்பவும் செடிகிட்டப் பேசிக்கிட்டு இருப்பார், பாவம்."

"கார்டு கொடுத்தாங்களே, அப்புறம் ஏன்?"

"கார்டுக்குப் பின்பக்கம் படிச்சீங்களா? 'மீண்டவர், பேரவை மேடைகளில் மட்டும்.' வருஷத்துக்கு ஒரு விழா. நாங்க பின்னால வரிசையா நிக்கணும், சாட்சிக்கு. மத்த நாள் என்ன பண்றது? இங்கயே வேலை போட்டுக் கொடுத்துட்டாங்க. என் படத்தை நான்தான் தினமும் துடைக்கிறேன்."

அவள் தண்ணீரைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டாள். ஆனால் இந்தச் சங்கதியை நாடகக்காரரிடம் சொன்னபோது அவர் தளரவில்லை. தனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் அந்தப் பின்பக்க வரியை எடுக்க வைப்பார் என்றார். முதலில் அட்டை கைக்கு வரட்டும், அட்டையே இல்லாமல் வக்கீல் எதை வைத்துப் பேசுவார் என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அருவருப்பை மென்று விழுங்கிக்கொண்டு அவள் விழுதல் பயிற்சிக்குப் போனாள்.

ஆமாம், அதற்கும் ஒரு பயிற்சி இருந்தது. பயிற்சியாளர் இஸ்திரி போட்ட சட்டையும் விசிலுமாக நின்றார். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு உருவம் வரைந்திருந்தார். தலை இங்கே, இடுப்பு இங்கே, தலைவர் பிடிக்க வேண்டிய கை இங்கே. அவள் விழுந்தாள். அவர் விசில் ஊதினார்.

"தப்பு. குடிச்சவங்க இப்படி விழ மாட்டாங்க."

"நான் இப்படித்தான் சார் விழுந்தேன்."

"அது உங்க அபிப்பிராயம். நான் இருபது வருஷமா இதைச் சொல்லித் தர்றேன். முட்டி முதல்ல போகணும், அப்புறம் தோள்பட்டை, கடைசியா மானம். அதாவது முகத்துல காட்டணும். நீங்க மரம் மாதிரி சாயுறீங்க."

"சார் குடிச்சிருக்கீங்களா?"

"சேச்சே!" பயிற்சியாளர் காதைப் பொத்திக்கொண்டார். "மேடைகூட ஏறினதில்ல. அதனாலதான் என்னை நியமிச்சிருக்காங்க."

எட்டு நாள் விழுந்தாள். விழும்போது மைக்கில் என்ன பேச வேண்டும் என்பதையும் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். முக்காடு விவகாரம் நீக்கப்பட்டு, 'ஐயோ, என்னைத் தூக்கிவிட யாருமில்லையா?' என்று சேர்க்கப்பட்டது. ஒன்பதாம் நாள், "இப்பத்தான் உண்மையா இருக்கு" என்று பயிற்சியாளர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அவள் நிஜமாகவே வழுக்கி விழுந்திருந்தாள்.

விழாவுக்கு முந்தைய நாள் மாலை, வார்டு வேலை முடிந்து வந்த அக்கா கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். நடிகை அவள் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"விழுந்து தொலைடி" என்றாள் அக்கா. "அரை நிமிஷம். கண்ணை மூடிட்டு விழுந்து, எந்திரிச்சு, கார்டை வாங்கிட்டு வா. பதினோரு பாட்டு இருக்குல்ல? உனக்கு வேற எவன் குடுப்பான்?"

"சரிக்கா."

"கொஞ்சம் கீழ தேய். அங்கதான்." அக்கா தலையணையில் முகத்தைப் பதித்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் ஆத்தாமை. உன்னை அந்தக் குளியலறைத் தரையில இருந்து எத்தனை தடவை தூக்கியிருப்பேன்? அதுல போன இடுப்புடி இது. வாந்தியத் துடைச்சது நான், வாயில தண்ணி ஊத்தினது நான். எவனாவது வந்து என்னை ஒரு போட்டோ எடுத்தானா? இப்ப எவனோ ஒரு கோட்டுக்காரன் கையை நீட்டுவானாம், இவ எந்திரிப்பாளாம். ம். தேய், ஏன் நிறுத்திட்ட?"

நடிகை இன்னும் கொஞ்சம் தைலம் ஊற்றித் தேய்த்தாள். அக்காவுக்கு மறுநாள் மாலை ஷிஃப்ட், விழாவுக்கு வர முடியாது. அது ஒருவகையில் நல்லது என்று நினைத்துக்கொண்டாள்.

விழா மேடையில் ஏற்பாடுகள் கச்சிதமாக இருந்தன. மீண்டவர்கள் இருபத்துமூன்று பேரில் உயிரோடு இருந்த பதினெட்டுப் பேர் சீருடையில் பின்னால் வரிசையாக நின்றார்கள். அவள் விழ வேண்டிய இடத்தில், அடிபட்டுப் புகார் எதுவும் வந்துவிடக் கூடாதே என்று, கம்பளத்துக்கு அடியில் ஒரு மெத்தையை வைத்திருந்தார்கள். 'விழுந்த கலைஞரைத் தூக்கிவிடும் தலைவர்' என்ற பட விளக்கம் முன்கூட்டியே அச்சாகி, சட்டத்தில் ஒட்டப்பட்டு, செயலாளர் மடியில் தயாராக இருந்தது. படம் மட்டும்தான் பாக்கி.

தலைவர் முக்கால் மணி நேரம் பணிவைப் பற்றிப் பேசினார். பிறகு மேடையின் ஓரத்தில், விளக்கு வெளிச்சம் சரியாக முகத்தில் விழும் இடத்தில் போய் நின்றுகொண்டார். நடிகை பாட ஆரம்பித்தாள்.

முதல் அடி. இரண்டாவது அடி. தலைவர் குனிந்து கையை நீட்டினார். புகைப்படக்காரர் ஒரு கண்ணை மூடினார். மூன்றாவது அடி வந்தது. அவள் காலடியில் மெத்தை மெத்தென்று அமுங்கியது, விழுவதற்கு எவ்வளவு சுகமான இடம்! நாடகமும் பதினோரு பாட்டும் அந்த மெத்தைக்குக் கீழேதான் இருந்தன. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நீட்டியிருந்த அந்தக் கையைப் பார்த்ததும் அக்காவின் இடுப்புதான் ஞாபகத்துக்கு வந்தது. மெத்தையைத் தாண்டி ஒரு எட்டு வைத்து நாலாவது அடியைப் பாடினாள்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. செயலாளர் நிகழ்ச்சி நிரலைப் புரட்டினார். பக்கவாட்டில் பயிற்சியாளர் தானே விழுந்து விழுந்து சைகை காட்டினார். ஐந்தாவது அடி, ஆறாவது அடி. வாத்தியக்காரர்களுக்கு மூன்று அடிக்கு மேல் வாசிக்கச் சொல்லியிருக்கவில்லை, ஆளுக்கொரு திசையில் தடுமாறி, பிறகு அவள் குரலின் பின்னாலேயே ஓடி வந்து சேர்ந்துகொண்டார்கள். எட்டு வருஷம் முன்பு யாரும் கேட்காமல் போன சரணம் இப்போது அரங்கத்தில் எழுந்தது. பின்வரிசையில் வாசல்காரர் விதியை மறந்து கையை அசைத்தார். எங்கிருந்தோ ஒரு விசில் பறந்தது.

தலைவர் குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்தால் தோற்றதாகிவிடும்.

"விழும்மா" என்றார் பல்லைக் கடித்தபடி. "விழும்மா, கை வலிக்குது."

அவள் பாடிக்கொண்டிருந்தாள். தலைவர் பொறுமையிழந்து, கையை நீட்டியபடியே அவளை நோக்கி ஒரு எட்டு வைத்தார். கால் மெத்தைமேல் பட்டது. பாலிஷ் போட்ட ஷூ கம்பளத்தோடு வழுக்கியது. பயிற்சியாளர் சொன்னது அப்படியே நடந்தது. முட்டி முதலில் போயிற்று, அப்புறம் தோள்பட்டை, கடைசியில் அந்த மூன்றாவது சமாச்சாரம்.

நடிகை அடியை முடித்துவிட்டுத்தான் திரும்பினாள். கிடக்கிறவரை எப்படித் தூக்குவது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், தூக்கப்பட்டுத் தூக்கப்பட்டுக் கற்றுக்கொண்டது. அக்குளுக்குள் கையைக் கொடுத்தாள். "அவசரப்படாதீங்க சார். முட்டியை மடக்குங்க. என் தோளைப் பிடிங்க. அவ்வளவுதான், எந்திரிச்சுட்டீங்க" என்றாள்.

புகைப்படக்காரர் கடமை தவறாதவர். தனக்குச் சொல்லியிருந்தபடியே, ஒருவர் விழுந்து ஒருவர் தூக்கும் கணத்தில் பொத்தானை அமுக்கினார்.

மறுநாளே குழு அவசரமாகக் கூடியது. மேடையில் விழுந்தவர் யாராயினும் பதிவேட்டில் ஏற்றப்பட வேண்டும் என்று விதி இருந்தது சங்கடமாகப் போயிற்று. நாலு மணி நேரம் விவாதித்து, மூன்று முறை தேநீர் குடித்து, ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்தார்கள். தலைவர் விழவில்லை. மேடைதான் திடீரென்று உயர்ந்துவிட்டது. அனுமதியின்றி நாலாவது அடியைப் பாடி மேடையை உயர்த்திய குற்றத்துக்காக நடிகையின் மனு நிரந்தரமாக நிராகரிக்கப்படுகிறது. கடிதத்தின் கீழே தலையாட்டுகிறவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்.

புகைப்படத்தையும் வீணாக்கவில்லை. ஆணி அடித்தாயிற்று, விளக்கம் அச்சாயிற்று, சட்டமும் தயார். இருபத்துநான்காவது படமாக அது மாட்டப்பட்டது. அதில் தலைவர் மெத்தையில் கிடக்கிறார், ஒரு பெண் அவரைத் தூக்குகிறாள், கீழே 'விழுந்த கலைஞரைத் தூக்கிவிடும் தலைவர்' என்று எழுதியிருக்கிறது. தினமும் எத்தனையோ பேர் அதைக் கடந்து போகிறார்கள். விளக்கத்தைப் படித்துவிட்டுத் தலையாட்டுகிறார்கள். ஒருவர்கூட இதுவரை ஒன்றும் கேட்டதில்லை.

நாடகக்காரர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். விழாவில் கடைசி வரிசையில் இருந்து அவரும் கேட்டிருந்தார்.

"கார்டு இல்லாம எந்த மேடையும் தர மாட்டாங்க" என்றார்.

"தெரியும் சார். வேற யாரையாவது போட்டுக்குங்க. நான் சலவைக்கே போயிக்கிறேன்."

"மேடைதானே தர மாட்டாங்க? மேடை இல்லாத இடத்துல போடுவோம்." கடிதத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்தார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னிக்குப் பாடினீங்களே, அந்தப் பாட்டையும் சேர்த்துக்கலாமா?"

பதினோரு பாட்டு பன்னிரண்டாயிற்று. காகிதக் கிடங்கு ஒன்றைக் காலி செய்து எண்பது நாற்காலி போட்டார்கள். டிக்கெட் கிழிக்க வாசல்காரர் வந்தார், காக்கிச் சட்டை போடாமல். முதல் நாளே பேரவையிலிருந்து ஒரு ஆய்வாளர் டேப்போடு வந்து இறங்கினார். தரையிலிருந்து அரை அடி உயர்ந்திருந்தால்தான் விதிப்படி அது மேடை. மண்டியிட்டுத் தவழ்ந்து நாலு மூலையிலும் அளந்தார்.

"மேடை எங்கம்மா?"

"இல்லை சார். தரைதான்."

'மேடை காணப்படவில்லை' என்று எழுதிக்கொண்டு, முட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

அக்கா அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். முதல் வரிசையில், இடுப்புக்கு ஒரு தலையணை கொடுத்து உட்கார்ந்திருந்தாள். தங்கை நாலு பேர் முன்னால் நின்று பாடி அவள் பார்த்து எட்டு வருஷமாயிற்று. நாடகத்தின் நடுவில் அந்தப் பாட்டு ஆரம்பித்தது. முதல் அடி, இரண்டாவது அடி. மூன்றாவது அடி வந்ததும் அக்கா ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நாற்காலியில் ஊன்றி, எழுந்து ஓடத் தயாராக முன்னால் நகர்ந்தாள். பழகிய உடம்பு.

மூன்றாவது அடி தாண்டியது. நாலாவது அடியும் தாண்டியது. அக்கா தலையணையைச் சரிசெய்துகொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.